விலை ஏறும் நாளை யார் குறிக்கிறார்கள்? வேலூரிலிருந்து ஒரு கணக்கு

2019 மக்களவைத் தேர்தலில் வேலூர் தொகுதி மட்டும் தனியாக ஓட்டுப் போட்டது. ஏப்ரல் 18 அன்று தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு நடந்தபோது, பணம் பிடிபட்ட விவகாரத்தால் இங்கே தேர்தலையே ரத்து செய்திருந்தார்கள். மே 23 அன்று நாடு முழுவதற்கும் முடிவு வந்தது. புது அரசு பதவியேற்று, ஜூலை 5 அன்று பட்ஜெட்டும் போட்டது. அந்த பட்ஜெட்டில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் கலால் வரியில் ஒரு ரூபாய், சாலைப் பணிகளுக்கென்று வாங்கும் செஸ் வரியில் ஒரு ரூபாய் என்று லிட்டருக்கு இரண்டு ரூபாய் ஏற்றினார்கள். வேலூர் ஓட்டுப் போட்டது ஆகஸ்ட் 5 அன்று, சரியாக ஒரு மாதம் கழித்து.

தேர்தல் வந்தால் பெட்ரோல் விலையைத் தொட மாட்டார்கள் என்று டீக்கடையில் எல்லோரும் சொல்வோம். பெரும்பாலும் அது உண்மைதான், கீழே தேதிகளோடு பார்க்கலாம். ஆனால் வேலூருக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. டில்லியில் பெரும்பான்மை கைக்கு வந்துவிட்டது. மிச்சமிருந்த ஒரே ஒரு தொகுதிக்காக வரியை ஒரு மாதம் தள்ளிப்போட யாருக்கும் தோன்றவில்லை.

தேர்தல் முடிவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே தேர்தலில் மற்ற தொகுதிகள் பலவற்றில் லட்சக்கணக்கான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்த திமுக, இங்கே 8,141 ஓட்டில்தான் ஜெயித்தது. மத்தியில் ஆளும் கூட்டணியின் வேட்பாளர், விலை ஏறிய பிறகும், கிட்டத்தட்ட சரிக்குச் சமமாக வந்துவிட்டார். விலை ஏறினால் ஆளுங்கட்சி தோற்கும் என்ற நேர்க்கோட்டுக் கணக்கு வேலூரில் பலிக்கவில்லை.

இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு பல வருடமாக இந்த விஷயத்தைக் கவனித்து வருகிறேன். எனக்குப் புரிந்தவரை, எரிபொருள் விலை எவ்வளவு என்பதை உலகச் சந்தையும் வரியும் தீர்மானிக்கின்றன. அது எந்த நாளில் ஏறும், யார் தலையில் விழும் என்பதைத்தான் அரசியல் தீர்மானிக்கிறது. ஓட்டு பலம் உள்ளவர்கள் தலைக்கு மேலே அந்தச் சுமை வரும்போது அதைத் தள்ளிவிடுகிறார்கள். தள்ளிவிட்ட சுமை மறைந்து போவதில்லை, வேறு யாரோ ஒருவர் மேல் இறங்குகிறது. பழைய வட ஆற்காடு மாவட்டம் முழுக்க, காட்பாடியிலிருந்து ஆம்பூர் வரை, அப்படி இறங்கிய இடங்களைக் காட்ட முடியும்.

பங்க் போர்டும் தேர்தல் தேதியும்

பெட்ரோல், டீசல் விலையை அரசு நேரடியாக நிர்ணயித்த காலம் சட்டப்படி முடிந்துவிட்டது. 2002 ஏப்ரலில் பழைய நிர்வாக விலை முறையைக் கலைத்தார்கள். 2010 ஜூனில் பெட்ரோல் விலையையும் 2014 அக்டோபரில் டீசல் விலையையும் எண்ணெய் நிறுவனங்களிடம் விட்டார்கள். 2017 ஜூன் 16 முதல் தினமும் காலை 6 மணிக்கு விலை மாறும் என்று அறிவித்தார்கள். கச்சா எண்ணெய் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். இதுதான் ஏட்டில் உள்ளது.

நடந்தது வேறு. 2018 மே 12 அன்று கர்நாடக சட்டமன்றத் தேர்தல். ஏப்ரல் 24 முதல் மே 13 வரை விலை ஒரு பைசாகூட அசையவில்லை. அந்த நாட்களில் கச்சா எண்ணெய் ஏறிக்கொண்டுதான் இருந்தது. மே 14 அன்று ஏற ஆரம்பித்த விலை தொடர்ந்து 16 நாள் ஏறியது. 2021-ல் தமிழ்நாடு, மேற்கு வங்கம், கேரளம், அசாம், புதுச்சேரி தேர்தல்கள். பிப்ரவரி 27-க்குப் பிறகு விலை ஏறவே இல்லை, நடுவில் சில பைசா குறைந்தது. மே 2 அன்று ஓட்டு எண்ணினார்கள், மே 4 அன்று விலை ஏறியது. அதே வருடம் தீபாவளிக்கு முந்தின நாள் கலால் வரியைக் குறைத்தபின், உத்தரப் பிரதேசம், பஞ்சாப் உள்ளிட்ட ஐந்து மாநிலத் தேர்தல்கள் முடியும்வரை நான்கரை மாதம் விலை நின்றது. இடையில் உக்ரைன் போரே வெடித்துவிட்டது. தேர்தல் முடிவு மார்ச் 10 அன்று வந்தது. மார்ச் 22-லிருந்து இரண்டே வாரத்தில் லிட்டருக்குப் பத்து ரூபாய் ஏற்றினார்கள்.

பிறகு 2022 மே கடைசியிலிருந்து 2024 மார்ச் நடுப்பகுதி வரை தமிழ்நாட்டில் விலை அப்படியே நின்றது. மக்களவைத் தேர்தல் தேதி அறிவிக்கப்படுவதற்கு முந்தின நாள் இரண்டு ரூபாய் குறைந்தது.

விலை நின்ற நாட்களில் செலவும் நின்றுவிடாது. 2022–23 நிதியாண்டின் முதல் பாதியில் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் நஷ்டத்தில் ஓடின. அதன்பின் கச்சா எண்ணெய் இறங்கியபோது பங்க்கில் விலையைக் குறைக்கவில்லை. 2023–24 நிதியாண்டில் இந்தியன் ஆயில், பாரத், இந்துஸ்தான் மூன்றும் சேர்ந்து சுமார் 81,000 கோடி ரூபாய் லாபம் காட்டின. தேர்தல் சமயத்தில் நமக்கு மிச்சமான ரூபாயை அடுத்து வந்த மாதங்களில் நாமே திருப்பிக் கட்டினோம். கட்டும்போது அதற்கு ரசீது எதுவும் தரவில்லை.

வரியின் கதை இதைவிடக் கனமானது. 2014-ல் ஆட்சி மாறியபோது மத்திய கலால் வரி பெட்ரோலுக்கு லிட்டருக்கு 9 ரூபாய் 48 காசு, டீசலுக்கு 3 ரூபாய் 56 காசு. உலகச் சந்தையில் விலை சரிந்தபோது அந்தச் சரிவை வரியாக உறிஞ்சிக்கொண்டார்கள். 2020 மே மாதம், ஊரடங்கில் எல்லோரும் வீட்டில் முடங்கியிருந்த நேரம், கச்சா எண்ணெய் முந்தின மாதம் பீப்பாய் 20 டாலர் அளவுக்கு விழுந்திருந்தபோது, அதே வரி பெட்ரோலுக்கு 32 ரூபாய் 98 காசாகவும் டீசலுக்கு 31 ரூபாய் 83 காசாகவும் ஏறியது. 2014–15-ல் சுமார் 99,000 கோடியாக இருந்த, எரிபொருள் மீதான மத்திய கலால் வசூல் 2020–21-ல் சுமார் 3.73 லட்சம் கோடியானது. ஒரு தேசத்தின் நிதிப் பற்றாக்குறையை வண்டி ஓட்டுகிறவர்கள் அடைத்தார்கள் என்றே சொல்ல வேண்டும்.

இதில் மாநிலங்களுக்கு வரும் பங்கு மிகச் சிறியது. செஸ், சிறப்புக் கூடுதல் வரி என்ற பெயரில் வசூலானால் அதை மாநிலங்களோடு பங்கிட வேண்டியதில்லை. 2022 மே மாதக் குறைப்புக்குப் பின் பெட்ரோலில் மத்திய வரி 19 ரூபாய் 90 காசு ஆனது. அதில் பங்கிட வேண்டிய அடிப்படைக் கலால் வெறும் 1 ரூபாய் 40 காசு. இந்த ஒரு கணக்கே டில்லிக்கும் மாநிலங்களுக்கும் உள்ள தகராறில் பாதியை விளக்கிவிடும்.

மாநிலங்களும் கை கழுவிக்கொள்ள முடியாது. பெட்ரோலை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவரும் பேச்சு 2021 செப்டம்பரில் லக்னோ கவுன்சில் கூட்டத்தில் எழுந்தபோது மாநிலங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கட்சி வித்தியாசம் இதில் கிடையாது. தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் பெட்ரோல் வரியை 3 ரூபாய் குறைத்தது நல்ல காரியம். வாக்குறுதி 5 ரூபாய், டீசலுக்கு 4 ரூபாய் என்பதும் நினைவிருக்கிறது. பக்கத்துக் கர்நாடகத்தில் காங்கிரஸ் அரசு, மக்களவைத் தேர்தல் முடிந்த கையோடு, 2024 ஜூன் 15 அன்று பெட்ரோலுக்கும் டீசலுக்கும் மூன்று ரூபாய் போல ஏற்றியது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஓடும் லாரிக்காரர்களுக்கு இது பாடம். ஆந்திராவில் வரி அதிகம் என்பதால் சித்தூர் பக்கம் போகிறவர்கள் காட்பாடியிலேயே டேங்க்கை நிரப்பிக்கொள்வார்கள். கர்நாடகத்தில் டீசல் மலிவு என்பதால் ஓசூர் வழியாகத் திரும்புகிறவர்கள் அங்கேயே போட்டுக்கொண்டு வருவார்கள். மூன்று மாநில அரசியல் ஒரே லாரியின் டேங்க்கில் தெரியும்.

ஓட்டில்லாத சிலிண்டர்

சமையல் கேஸ் விஷயத்தில் எந்தக் கட்சியும் தேர்தலை மறந்ததில்லை. 2012 செப்டம்பரில் மன்மோகன் சிங் அரசு மானிய சிலிண்டரை வருடத்துக்கு ஆறு என்று சுருக்கியது, பிறகு ஒன்பதாக்கியது. 2014 ஜனவரியில் காங்கிரஸ் மாநாட்டு மேடையிலேயே ராகுல் காந்தி பன்னிரண்டு வேண்டும் என்று பிரதமரைக் கேட்டார். அந்த மாதம் முடிவதற்குள் அமைச்சரவை ஒப்புதல் தந்துவிட்டது. தேர்தலுக்கு இன்னும் மூன்று மாதம்கூட இல்லை. மோடி அரசு 2023 மார்ச் 1 அன்று, வடகிழக்கு மாநிலங்களில் ஓட்டுப்பதிவு முடிந்த இரண்டாவது நாளில், வீட்டு சிலிண்டரை 50 ரூபாய் ஏற்றியது. சென்னையில் விலை 1,118 ரூபாய் 50 காசு ஆனது. ஆகஸ்ட் கடைசியில் 200 ரூபாய் குறைத்தது, 2024 மார்ச் 8 அன்று இன்னும் 100 குறைத்தது. தேர்தல் முடிந்து அடுத்த ஏப்ரலில் 50 ரூபாய் ஏறியது.

சிவப்பு சிலிண்டரின் கதை எல்லோருக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது நீல சிலிண்டரைப் பற்றி. ஹோட்டல், மெஸ், டீக்கடைகளுக்கான 19 கிலோ சிலிண்டர். அதன் விலை ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி மாறும். வீட்டு சிலிண்டர் 50 ரூபாய் ஏறிய அதே 2023 மார்ச் 1 அன்று இது 350 ரூபாய்க்கு மேல் ஏறியது. 2022 மே மாதம் சென்னையில் 2,500 ரூபாயைத் தாண்டியிருந்தது. அதற்காக எந்தக் கட்சியும் மறியல் செய்து நான் பார்த்ததில்லை.

வேலூரில் அந்தச் சிலிண்டரின் விலையைக் கட்டுவது யார் என்று பார்க்க வேண்டுமென்றால் சிஎம்சி ஆஸ்பத்திரி எதிரே உள்ள சந்துகளுக்குப் போக வேண்டும். வங்காளி எழுத்தில் போர்டு வைத்த மெஸ்கள் வரிசையாக இருக்கும். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம் என்று தூரத்திலிருந்து வந்து, ஆபரேஷனுக்கு நாள் குறித்துக்கொண்டு, வாரக்கணக்கில் லாட்ஜில் தங்கியிருக்கிற குடும்பங்கள் அங்கேதான் சாப்பிடுகின்றன. மெஸ் நடத்தும் ஒருவர் ஒருமுறை சொன்னார்: "சாப்பாட்டு விலையை ஏத்தினா அவங்க ஒருத்தர் சாப்பாட்டை வாங்கி ரெண்டு பேர் பங்கு போட்டுக்குறாங்க சார். அதனால மீனைத்தான் சின்னதா வெட்டுறேன்." அவர் கல்லா மேசைக்குப் பக்கத்தில் விலைப்பட்டியல். சாப்பாடு என்ற வரிக்கு எதிரே பழைய எண்ணின் மேல் ஸ்டிக்கர், அதன் மேல் இன்னொரு ஸ்டிக்கர்.

அந்த நோயாளியின் ஓட்டு மால்டாவிலோ தன்பாத்திலோ இருக்கிறது. வேலூரில் சிலிண்டர் விலை ஏறினால் இங்கே எந்த எம்.எல்.ஏ.வுக்கும் அவரால் நஷ்டமில்லை. டில்லிக்கும் நஷ்டமில்லை, ஏனென்றால் அவர் வீட்டு சிலிண்டர் விலை குறைந்துதான் இருக்கிறது. ஆஸ்பத்திரி செலவோடு இதையும் சுமக்கிற அந்த மனிதரை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

மோட்டார், மீட்டர், மின்வெட்டு

மின்சாரத்துக்கு வருவோம். வட ஆற்காட்டில் அரசியலும் விலையும் மிக ஆழமாகப் பின்னிக் கிடக்கும் இடம் இதுதான்.

பாலாறு வருடத்தில் பெரும்பாலான நாட்கள் மணல்தான். காவிரி டெல்டா போல வாய்க்கால் தண்ணீர் கிடையாது. ஏரி நிரம்பினால் ஒரு போகம், இல்லையென்றால் கிணறு. 1954-ல் முதலமைச்சரான காமராஜர் அப்போது சட்டமன்றத்துக்குள் வந்தது குடியாத்தம் இடைத்தேர்தலில் ஜெயித்துத்தான். அவர் காலத்தில் கிராமங்களுக்குக் கரண்ட் கம்பம் வேகமாக வந்தது. மாடு கட்டிக் கவலை இறைத்த கிணறுகளில் மோட்டார் ஏறியது. நெல்லும் கரும்பும் நிலக்கடலையும் கிணற்றுத் தண்ணீரில் விளைந்தன. மோட்டார் வந்தபின் மின் கட்டணம் என்பது விவசாயிக்கு மழை போல ஆகிவிட்டது, தப்பினால் வெள்ளாமை போகும்.

கட்டணம் அரசியலானதும் அப்போதுதான். கோவைப் பக்கம் நாராயணசாமி நாயுடு தலைமையில் மின் கட்டண உயர்வை எதிர்த்து 1970-ல் போராட்டம் வெடித்தது. 1972-ல் விவசாயிகள் மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து கோவை நகரையே நிறுத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. எம்.ஜி.ஆர். ஆட்சியில் சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் வந்தது. 1990-ல் கருணாநிதி அரசு எல்லா விவசாயிகளுக்கும் அதை விரித்தது. 2003-ல் ஜெயலலிதா அரசு கட்டணத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. அடுத்த வருடம் மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 இடங்களும் எதிரணிக்குப் போயின. முடிவு வந்த அதே மே மாதத்திலேயே இலவச மின்சாரத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு இன்றுவரை எந்த முதலமைச்சரும் அதில் கை வைக்கவில்லை.

இலவசம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். கிணற்றை மட்டும் நம்பியிருக்கிற அணைக்கட்டு, ஒடுகத்தூர், பேரணாம்பட்டு பக்கத்து விவசாயி மோட்டாருக்குக் காசு கட்ட வேண்டியிருந்தால் என்றைக்கோ நிலத்தை விற்றிருப்பார். ஆனால் அவருக்குக் கிடைப்பது என்ன என்பதையும் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். மும்முனை மின்சாரம் நீண்ட காலம் ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம்தான், அதிலும் ஒரு பகுதி இரவில். டார்ச் லைட்டோடு வரப்பில் நடந்து போய் ஸ்டார்ட்டர் போட்டவர்கள் எத்தனையோ பேர். பாம்புக்கும் தப்ப வேண்டும், அறுந்து கிடக்கும் கம்பிக்கும் தப்ப வேண்டும். கரண்ட் எப்போது வரும் என்று தெரியாததால் ஆட்டோ ஸ்டார்ட்டரை மாட்டி வைத்தார்கள். வந்ததும் எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓட, லோ வோல்டேஜில் காயில் கருகியது. காயில் கட்டுகிற கடைக்காரருக்குக் கொடுத்த பணம் எந்த மானியக் கணக்கிலும் வராது. தண்ணீரும் கீழே போய்க்கொண்டே இருந்தது. கிணறு வற்றி போர் போட்டார்கள், போர் ஆயிரம் அடியைத் தொட்டது. விலை இல்லாத மின்சாரத்துக்கு இப்படி ஒரு விலை.

இ.பி.யின் மீதிச் செலவு எங்கே போனது? ஒரு பகுதியை அரசு மானியமாகத் தருகிறது. ஒரு பகுதி கடனாகச் சேர்ந்தது. மின்வாரியத்தின் கடன் ஒன்றரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிப் போனது. இன்னொரு பகுதி, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் குறைத்த அளவுக்கு, தொழிற்சாலைக்கும் கடைக்கும் ஏறியது.

கட்டணம் ஏறிய நாட்களையும் பாருங்கள். 2012 மார்ச் 18 அன்று சங்கரன்கோவில் இடைத்தேர்தல் வாக்குப்பதிவு. மறுநாளே கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு அமைச்சரவை பச்சைக்கொடி காட்டியது. அந்த மாதக் கடைசியில் மின் கட்டண உயர்வு வந்தது. அதற்கு முந்தின வருடம் உள்ளாட்சித் தேர்தல் அக்டோபரில் முடிந்தது, நவம்பர் 17 அன்று பஸ் கட்டணமும் பால் விலையும் ஏறின. ஆட்சி மாறியது, பழக்கம் மாறவில்லை. 2024 ஜூலை 10 அன்று விக்கிரவாண்டி இடைத்தேர்தல். 15-ஆம் தேதி 4.83 சதவீத உயர்வு அறிவிப்பு வந்தது, ஜூலை 1 முதலே அமல் என்று. 2025 ஜூலையில் 3.16 சதவீதம் ஏறியபோது வீடுகளுக்கு ஏற்றவில்லை, அதை அரசே ஏற்றுக்கொண்டது. அடுத்த வருடம் சட்டமன்றத் தேர்தல்.

2014-க்குப் பிறகு எட்டு வருடம் ஏற்றாமல் வைத்திருந்து 2022 செப்டம்பரில் மொத்தமாக ஏற்றியதுதான் இந்தப் பழக்கத்தின் மோசமான விளைவு. சிறு தொழில்களுக்கு நிலைக் கட்டணம் பல மடங்கானது. மிஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய பணம் அது. ஆர்டர் இல்லாத மாதத்திலும் பில் வந்து நிற்கும். வீடுகளில் 500 யூனிட் என்ற கோடு இருக்கிறது. அதைத் தாண்டினால் 101-லிருந்து 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைக்கும் மலிவு விலையும் போய்விடும். ஒரே ஒரு யூனிட் கூடியதற்கு இருநூறு ரூபாய்க்கு மேல் பில் ஏறும். நம்மூர் வெயிலில், ஏப்ரல் மே கணக்கு விழும் பில்லில், கூரைக்குக் கீழே ராத்திரி முழுக்க ஃபேன் ஓட்டும் கூட்டுக் குடும்பங்கள்கூட அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகின்றன. குடியாத்தம் விசைத்தறிக்காரர்களுக்கு 2023 மார்ச்சில் இலவச யூனிட் 750-லிருந்து ஆயிரமானது. கைத்தறிக்கு 200-லிருந்து 300. அது உண்மையிலேயே உதவியது. தறிக்காரர்கள் சேர்ந்து கேட்டார்கள், கிடைத்தது. சேர்ந்து கேட்க முடியாதவர்களின் நிலையைத்தான் மேலே மெஸ்ஸில் பார்த்தோம்.

இனி எதிர்ப்பக்கம். விலை அரசியலைப் புரட்டிப் போடுமா? 1973 நவம்பரில், அரபு நாடுகளின் எண்ணெய்த் தடைக்குப் பின் பெட்ரோல் விலை ஏறியபோது, வாஜ்பாய் மாட்டுவண்டியில் நாடாளுமன்றத்துக்கு வந்தார். நல்ல செய்திப் படம். இந்திரா காந்தி அரசு அதனால் கவிழவில்லை. 2018-லும் 2021-லும் பெட்ரோல் விலை உச்சத்துக்குப் போனது. அடுத்து வந்த மக்களவைத் தேர்தல்களில் அதே கட்சி ஆட்சியைப் பிடித்தது.

ஆனால் 2011-ல் தமிழ்நாட்டில் ஆட்சி மாறியதில் மின்வெட்டுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதை அன்று இருந்த யாரும் மறுக்க மாட்டார்கள். அந்த ஆட்சியின் மின்துறை அமைச்சர் நம்ம ஆற்காட்டுக்காரர், ஆற்காடு வீராசாமி. கரண்ட் போகும்போதெல்லாம் ஊர் பெயரே வசைக்குள் வந்தது எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆட்சி மாறியும் 2012-ல் மின்வெட்டு இன்னும் கடுமையானது. சென்னையில் இரண்டு மணி நேரம் என்றால் இங்கே நாளில் பாதிக்கு மேல். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் மெழுகுவர்த்தியோடு மாடியில் உட்கார்ந்திருந்தார்கள். இலங்கையில் 2022-ல் பெட்ரோல் வரிசைகள் ஓர் அதிபரை நாட்டை விட்டே ஓட வைத்தன. விலை கூடினால் மக்கள் திட்டிக்கொண்டே கட்டிவிடுகிறார்கள். பொருளே கிடைக்காதபோதுதான் ஆட்சி ஆடுகிறது. ஆட்சியாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும். எந்த விலைக்காவது எண்ணெய் வாங்கிவிட வேண்டும், எந்தக் கடன் வாங்கியாவது கரண்ட் நிற்காமல் பார்க்க வேண்டும் என்ற அவசரம் அங்கிருந்துதான் வருகிறது.

ரஷ்ய எண்ணெயும் ஆம்பூர் ஷூவும்

அந்த அவசரம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு ஆம்பூர் சாட்சி.

இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. உக்ரைன் போருக்கு முன் அதில் ரஷ்யாவின் பங்கு இரண்டு சதவீதம்கூட இல்லை. மேற்கு நாடுகள் ரஷ்ய எண்ணெயை ஒதுக்கியதும் தள்ளுபடி விலையில் வாங்க ஆரம்பித்தோம், பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டியது. நாட்டு நலன் என்று பார்த்தால் தப்பு சொல்ல முடியாது. அன்று அந்த எண்ணெய் சந்தைக்கு வராமல் போயிருந்தால் உலக விலை இன்னும் ஏறியிருக்கும்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா, ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்காக என்று சொல்லி, இந்தியப் பொருட்களுக்கு 25 சதவீதம் கூடுதல் வரி போட்டது. ஏற்கெனவே இருந்த 25-ஓடு சேர்த்து ஆகஸ்ட் 27 முதல் 50 சதவீதம் ஆனது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் எல்லாம் தோலையும் ஷூவையும் நம்பி வாழும் ஊர்கள். அமெரிக்கா அவர்களுக்குப் பெரிய சந்தை. ஷூ கம்பெனிகளில் மேல்தோல் தைக்கும் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். காலையில் கம்பெனி பஸ்ஸுக்காகச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் டிபன் பாக்ஸோடு நிற்பார்கள். ஆர்டர் குறைந்தால் முதலில் ஓவர்டைம் போகும், அப்புறம் வாரத்தில் ஒரு நாள் போகும்.

அந்தப் பெண் வேலை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் உள்ள பங்க்கில் பெட்ரோல் விலை என்னவாக இருந்தது? 2024 மார்ச்சில் குறைந்த இரண்டு ரூபாயைத் தவிர, தள்ளுபடி எண்ணெய் வந்த காலம் முழுக்க, 2022 மே மாதத்து விலைதான். தள்ளுபடியின் பலன் சுத்திகரிப்பு நிறுவனங்களின் கணக்கிலும் அரசின் வருமானத்திலும் சேர்ந்தது. அதற்கான தண்டனை ஆம்பூரின் தையல் மேசைக்கு வந்தது. இந்த இரண்டையும் ஒரே மேடையில் சேர்த்துப் பேசிய அரசியல்வாதியை நான் இதுவரை கேட்கவில்லை. பேச வேண்டும்.

தோல் தொழிலுக்கு இன்னொரு மின்சாரக் கணக்கும் உண்டு. பாலாற்றைத் தோல் கழிவு கெடுத்தது குறித்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு நாடு முழுக்கப் பேசப்பட்டது. கெடுத்தவரே செலவைக் கட்ட வேண்டும் என்பது அதன் சாரம். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை இயக்குவதும், பிறகு கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் உப்பைப் பிரிப்பதும் கட்டாயமாகின. சவ்வு வழியாக அழுத்தத்தில் வடிகட்டி, மிச்சத்தைக் கொதிக்க வைத்து ஆவியாக்க வேண்டும். பம்ப்பும் பாய்லரும் நாள் முழுக்க ஓடும் வேலை அது. மின் கட்டணமும் விறகு, நிலக்கரி விலையும் ஏறினால் ஒரு லிட்டர் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் செலவும் ஏறும். கட்டுப்படியாகாத சின்னத் தோல்ஷாப்புக்காரர் ராத்திரியில் வால்வைத் திறந்துவிடும் ஆபத்து அங்கேதான் பிறக்கிறது. வீட்டுக்குக் கட்டணம் ஏற்றாமல் தொழிலுக்கு மட்டும் ஏற்றிய வருடங்களில் பாலாற்றுக் கரை ஊர்களின் குடிநீர்க் கிணறுகளையும் சேர்த்தே பணயம் வைத்தோம் என்பேன். அந்த ஊர்களிலும் ஓட்டு இருக்கிறது. ஆனால் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிப்பதற்கும் ஜூலை மாதக் கட்டண உத்தரவுக்கும் தொடர்பு இருப்பதாக யார் அவர்களிடம் சொன்னார்கள்?

தொடர்பைக் கண்ணில் காட்ட வழி இல்லாமல் இல்லை. இ.பி. பில்லில் அரசு மானியம் எவ்வளவு என்று ஒரு வரி அச்சாகி வருகிறது. ஹோட்டலில் இரண்டு தோசை சாப்பிட்டால் சிஜிஎஸ்டி எவ்வளவு, எஸ்ஜிஎஸ்டி எவ்வளவு என்று தனித்தனியாக வருகிறது. பங்க்கில் ஆயிரம் ரூபாய்க்கு டீசல் போட்டால் லிட்டரும் விலையும் மட்டும்தான். டில்லி விலைக்கு எண்ணெய் அடக்கம், டீலர் கமிஷன், மத்திய வரி, மாநில வரி என்று பிரித்து இந்தியன் ஆயில் தன் இணையதளத்தில் போடுகிறது. அதே பிரிவை வேலூர் விலைக்கும் போட்டு, மத்திய வரியில் மாநிலத்தோடு பங்கிடுவது எவ்வளவு என்பதையும் சேர்த்து, பங்க் பில்லிலேயே அச்சிட வேண்டும். வணிக சிலிண்டர் ரசீதிலும் அதுபோல. மின் கட்டணத்தைப் பொறுத்தவரை, ஒவ்வொரு ஜூலையும் வீடுகளுக்கு ஏற்றாமல் விட்ட தொகை எவ்வளவு, அதில் அரசு கொடுத்தது எவ்வளவு, மற்ற இணைப்புகள் மேல் விழுந்தது எவ்வளவு என்று மின்வாரியம் மாவட்ட வாரியாக வெளியிட வேண்டும். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் காட்பாடியிலும் ஆம்பூரிலும் குடியாத்தத்திலும் நாம் வைக்க வேண்டிய முதல் கோரிக்கை இது.